வாடகைக்கு எடுத்த பழங்காலம்



பெருநாள் விடுமுறையில் குடும்பங்கள் ஒன்றுகூடுவது நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவரும் நல்ல வழக்கம். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர், வெளியூரில் வாழ்க்கைப்பட்டவர், சென்னையில் படிப்பவர், கோலாலம்பூரில் கடை வைத்திருப்பவர் என எல்லோரும் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து ஒரே சஹனில் உண்ணும் நாள் அது. அண்மைக் காலமாக அந்த நாளுக்கு ஒரு தலைப்பு தேவைப்படுகிறது. 'எண்பதுகளின் இரவு', 'தொண்ணூறுகளுக்குத் திரும்புவோம்', 'ரெட்ரோ நைட்' என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வருகிறது. எந்தக் குடும்பம் எந்தப் பத்தாண்டின் உடையில் வரவேண்டும் என்ற பட்டியலும் அதனுடன் வருகிறது. சிறுவர்களுக்குத் தனியாகவும் பெரியவர்களுக்குத் தனியாகவும் மாறுவேடப் போட்டி, பரிசு, படம் எடுத்துக்கொள்ள அலங்கார மேடை என ஏற்பாடுகள் நீள்கின்றன.

இக்கட்டுரை அத்தகைய அழைப்பிதழ்களுக்கு நாம் எழுதும் மறுமொழி. எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்திலும் இப்படியொரு நிகழ்ச்சி நடந்தது. ஏற்பாடு செய்தவர்களே நாங்கள்தாம். ஆகவே இங்கே வைக்கப்படும் குற்றச்சாட்டு முதலில் எங்கள்மீதே விழுகிறது. மகிழ்ச்சியோ, விளையாட்டோ, பழைய நாட்களை நினைப்பதோ தவறு என்று நாம் வாதிட வரவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் உயிரோடு வாழ்ந்து முடித்த காலத்தை, அவர்களிடம் ஒரு சொல்லும் கேளாமல், கடையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்து அவர்களுக்கே காட்சிப்படுத்துவது தவறு என்பதே நம் வாதம்.

விற்றதும் நாமே, வாடகைக்கு எடுத்ததும் நாமே

நடந்ததைச் சொல்கிறோம். அலங்காரம் செய்து தரும் ஒரு நிறுவனத்திடம் மண்டபத்தை ஒப்படைத்தோம். அவர்கள் கொண்டுவந்த பொருள்களின் பட்டியல் இது: ஒரு பழைய டிரான்சிஸ்டர், எண்களைச் சுழற்றும் கறுப்புத் தொலைபேசி, டேப்ரிக்கார்டர், நான்கு ஒலிநாடாக்கள், அரிக்கேன் விளக்கு, ஒரு சைக்கிள், சில திரைப்படச் சுவரொட்டிகள். இவற்றுக்கு ஓர் இரவு வாடகையாக நாங்கள் கொடுத்த தொகையில் நான்கு ஏழைப் பிள்ளைகளுக்குப் பெருநாள் உடை வாங்கியிருக்கலாம்.

அந்த டிரான்சிஸ்டரைப் பார்த்த எங்கள் நன்னி, இதைப் போன்ற ஒன்று நம் வீட்டுப் பரணில் இருந்ததே, அது எங்கே என்று கேட்டார்கள். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அதை எடைக்குப் போட்டவர்கள் நாங்கள். கூடவே பித்தளைக் கூஜாவும் படிக்கமும் காயலான் கடைக்குப் போயின. பழைய பொருள்களை வாங்கும் கடைக்கு அப்பெயர் வந்ததே காயல்பட்டினத்து வணிகர்களால்தான் என்று சொல்வார்கள். எது எப்படியோ, நம் பாட்டனார் கேட்ட வானொலியைக் கிலோ கணக்கில் விற்றுவிட்டு, வேறு யாருடைய பாட்டனாரோ கேட்ட வானொலியை வாடகைக்கு எடுத்து வந்து அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். எங்கள் அறிவீனத்தை விளக்க இதற்குமேல் உவமை தேவையில்லை.

வீண்விரயத்தைப் பற்றி அல்குர்ஆனின் பனூ இஸ்ராயீல் அத்தியாயம் 26, 27 ஆம் வசனங்கள் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கின்றன என்பதை நாம் அறிவோம். ஆனால் வீண்விரயம் என்றவுடன் குப்பையில் கொட்டப்படும் பிரியாணியை மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். வீட்டிலேயே இருக்கும் ஒன்றுக்கு வெளியில் விலை கொடுப்பதும் விரயமே. நினைவு என்னும் செல்வத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு அதன் நகலுக்குப் பணம் கட்டுவது அவ்வகை விரயத்துள் மிகப் பெரியது.

சிரித்த மண்டபமும் எழுந்து சென்ற மாமாவும்

அன்றைய நிகழ்ச்சியில் எல்லோருடைய கைத்தட்டலையும் பெற்றது சிறுவர்கள் நடித்த ஒரு நகைச்சுவைக் காட்சி. தலைப்பு 'சபுராளி வருகிறார்'. கறுப்புக் கண்ணாடி, தங்க நிறக் கடிகாரம், தோளில் டேப்ரிக்கார்டர், கையில் வாசனைத் திரவியப் புட்டி என ஒரு பையன் மேடைக்கு வந்தான். பின்னாலேயே உறவினர்களாக நடித்த பிள்ளைகள் பெட்டியைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அவன் ஒவ்வொருவர் மீதும் திரவியத்தைத் தெளித்தான். தைலப் புட்டிகளை வீசினான். அரைகுறை அரபியில் அதட்டினான். மண்டபம் குலுங்கக் குலுங்கச் சிரித்தது. நாங்களும் சிரித்தோம்.

மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்த எங்கள் பெரிய மாமா எழுந்தார்கள். இஷாவுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வெளியே போனார்கள். இஷாவுக்கு இன்னும் நாற்பது நிமிடங்கள் இருந்தன.

மாமா 1978 முதல் 2001 வரை சவூதியில் ஒரு வீட்டில் ஓட்டுநராக இருந்தவர்கள். அந்த 23 ஆண்டுகளில் ஊருக்கு வந்தது ஏழு முறை. மூத்த மகன் பிறந்து இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகே அவன் முகத்தைப் பார்த்தார்கள். தம் தந்தையின் ஜனாஸாவில் அவர்கள் இல்லை. இரண்டு தங்கைகளின் திருமணம், ஒரு வீடு, மூன்று பிள்ளைகளின் படிப்பு ஆகியவை அந்த ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஈட்டியவை. மேடையில் நடித்த பையனின் பள்ளிக் கட்டணமும் ஒரு வகையில் அங்கிருந்து தொடங்கியதே.

மறுநாள் மன்னிப்புக் கேட்கச் சென்றோம். மாமா எதையும் காட்டிக்கொள்ளவில்லை, தேநீர் கொடுத்தார்கள், பிள்ளைகள் நன்றாக நடித்தார்கள் என்றும் சொன்னார்கள். மாமிதான் பேசினார்கள். "அந்தப் பொட்டியப் பாத்து எல்லாரும் சிரிச்சீங்க. எனக்கு அவங்க வந்ததே அந்தப் பொட்டிக்குள்ளதான்" என்றார்கள்.

அவர்கள் சொன்னதன் பொருள் நம்மில் நாற்பதைக் கடந்தவர்களுக்குப் புரியும். இளையோருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. தொலைபேசி எட்டாத நாட்களில், வளைகுடாவிலிருந்தவர்கள் தங்கள் பேச்சை ஒலிநாடாவில் பதிவு செய்து, ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். பிறகு மறுபக்கத்தில் தங்கள் பேச்சைப் பதிந்து, திரும்பிச் செல்பவரிடம் கொடுப்பார்கள். மாமியின் தகரப் பெட்டியில் அப்படிப் பதினோரு நாடாக்கள் இருக்கின்றன. சிலவற்றில் பூஞ்சை படிந்துவிட்டது. ஒன்றில், தாம் இன்னும் பார்த்திராத குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று மாமா கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, பதில் வருவதற்காகக் காத்திருப்பவர்போல் சற்று நேரம் பேசாமல் இருக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. முந்தைய இரவு மண்டபத்தில் முதல் வரிசையில் அமர்ந்து சிரித்தவர்களுள் அவரும் ஒருவர். அவர் அந்த நாடாவை அதற்குமுன் கேட்டதே இல்லை.

"விளையாட்டுத்தானே" என்பவர்களுக்கு

இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டுமா, பிள்ளைகள் விளையாட்டாகச் செய்தது என்று சிலர் கேட்கக்கூடும். மார்க்கம் விளையாட்டை வெறுப்பதாக நாம் சொல்லவில்லை. பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்த்து முடிக்கும்வரை நபி (ஸல்) அவர்கள் உடன் நின்றார்கள். நபியவர்கள் நகைச்சுவையாகப் பேசியிருக்கிறார்கள். அதிலும் உண்மையையே பேசினார்கள். எவரையும் இழிவுபடுத்துவது அவர்களின் நகைச்சுவையின் நோக்கமாக இருந்ததில்லை.

அளவுகோல் அங்கேதான் இருக்கிறது. சிரிப்பு யாருடன் சேர்ந்து வருகிறது, யாரைப் பார்த்து வருகிறது என்பதைக் கேட்க வேண்டும். ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம் என்ற கட்டளை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11 ஆம் வசனத்தில் இருக்கிறது. ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே குறிப்பிட்டுச் சொல்லப்பட்ட கட்டளை அது. ஒரு தலைமுறையை இன்னொரு தலைமுறை பரிகசிப்பதற்கு அதில் விலக்கு ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. சபுராளியே மேடையேறித் தம் முதல் விமானப் பயணத்தில் இருக்கை வாரைக் கட்டத் தெரியாமல் தவித்த கதையைச் சொல்லட்டும். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். அது அவருடைய கதை. அதைச் சொல்லும் உரிமையும் சிரிக்கவைக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

"அடியோடு நிறுத்துங்கள்" என்பவர்களுக்கு

எங்கள் அனுபவத்தைக் கேட்ட நண்பர்கள் சிலர் வேறொரு முடிவுக்கு வந்தார்கள். இவையெல்லாம் மேலைநாட்டு இறக்குமதி, கூடவே கூடாது, பெருநாளுக்கு உணவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்களின் அக்கறையை மதிக்கிறோம், முடிவை ஏற்கவில்லை. மார்க்கத்துக்கு ஒவ்வாத ஆட்டபாட்டமும், வளர்ந்த பெண்பிள்ளைகளின் படங்கள் முகமறியாதவர்களின் கைப்பேசிக்குப் போவதும் நிறுத்தப்பட வேண்டியவையே. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் பழைய காலத்தை அறியும் ஆவல் ஒரு பிள்ளைக்கு எழுவதே அரிது. எழுந்த ஆவலுக்கு நாம் கொடுக்கும் விடை 'கூடாது' என்ற ஒற்றைச் சொல்லாக இருந்தால், அந்தப் பிள்ளை திரைப்படத்திலிருந்து விடையைப் பெற்றுக்கொள்ளும். இப்போதும் அங்கிருந்துதான் பெறுகிறது.

எங்கள் மண்டபத்தில் அன்று நின்ற 'எழுபதுகள்' எது என்று எண்ணிப் பாருங்கள். மணிக்கால் சட்டையும் பெரிய காலர் சட்டையும் காதுவரை இறங்கிய கிருதாவும். நம் வீட்டுப் பழைய ஆல்பங்களில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்? வெள்ளை வேட்டியும் கட்டம் போட்ட கைலியும் தொப்பியும் தோளில் துண்டும் அணிந்தவர்களே அவற்றில் இருக்கிறார்கள். பெண்களோ பெரும்பாலும் ஆல்பத்திலேயே இல்லை. வெள்ளைத் துப்பட்டி போர்த்தி வெளியே சென்றுவந்த நம் நன்னிமார்களுக்கு அந்த அலங்கார மேடையில் ஓர் இடமும் இல்லை. பெற்ற பாட்டியைத் தெரியாத பேத்தி, என்றோ வந்த ஒரு படத்தின் கதாநாயகியாக வேடமிட்டுப் பரிசு பெற்றாள். பரிசை வழங்கியவர்கள் நாங்கள்.

நம் பத்தாண்டுகள்

நமக்கும் பத்தாண்டுகள் உண்டு. அவற்றைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் பொறுப்பு நம்முடையது.

அறுபதுகளும் எழுபதுகளும் கப்பலின் காலம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற கப்பல்களில் நம் பாட்டனார்கள் போனார்கள். முதலில் 'ரஜூலா', பின்னர் 'சிதம்பரம்'. எண்பதுகளின் நடுவில் அந்தச் சேவையும் முடிந்தது. ஹஜ்ஜுக்கும் கப்பலே வழி. மும்பையிலிருந்து ஜித்தாவுக்குச் சென்ற ஹஜ் கப்பல் 1995 இல்தான் நின்றது. கடல்வழியாக ஹஜ் செய்துவந்தவர்களுள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கப்பலில் எத்தனை நாள் போனீர்கள், என்ன சமைத்தீர்கள், அலை அடித்தபோது எப்படித் தொழுதீர்கள் என்று அவர்களிடம் கேட்ட பிள்ளைகள் எத்தனை பேர்?

அதே காலம் அரபுத்தமிழ்க் கடிதங்களின் கடைசிக் காலமும் ஆகும். தமிழ் எழுத்துக் கற்காத, ஆனால் ஓதக் கற்ற பெண்கள், தமிழை அரபு எழுத்தில் எழுதிக் கணவருக்கும் மகனுக்கும் அனுப்பினார்கள். வீட்டுக் கணக்கும் அந்த எழுத்திலேயே இருந்தது. அந்தப் பெண்களைப் படிக்காதவர்கள் என்று எழுதிவைத்த நாம், அவர்களின் கடிதங்களைப் படிக்கத் தெரியாமல் நிற்கிறோம்.

1973 இல் எண்ணெய் விலை உயர்ந்ததைத் தொடர்ந்து வளைகுடாவின் கதவு திறந்தது. எழுபதுகளின் பிற்பகுதியும் எண்பதுகளும் விசாவின் காலம், ஏர்மெயில் கடிதத்தின் காலம், ஒலிநாடாவின் காலம். திருமண வீட்டு ஒலிபெருக்கியில் நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்களின் குரல் கேட்ட காலம். 2015 இல் அவர்கள் மறைந்தபோது வருந்திய பெரியவர்கள், ஒரு பாடகருக்காக மட்டும் வருந்தவில்லை. அந்தக் குரல் கேட்ட ஒவ்வொரு பந்தலுக்காகவும் வருந்தினார்கள். இசைக்கருவிகள் பற்றி ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை இங்கே தீர்க்க முற்படவில்லை. அந்தக் குரல் நம் வீட்டு வரலாற்றின் பகுதி என்பதை மட்டும் பதிவு செய்கிறோம்.

தொண்ணூறுகளை எடுத்துக்கொள்வோம். இன்று மிக அதிகமாக விலைபோகும் பத்தாண்டு அது. தேன்மிட்டாய், பம்பரம், ஒளியும் ஒலியும், எஸ்.டி.டி. பூத் ஆகியவை தொண்ணூறுகளின் அடையாளங்களாக விற்கப்படுகின்றன. அவை இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பத்தாண்டு நமக்கு எப்படித் தொடங்கியது? 1990 ஆகஸ்டு 2 அன்று ஈராக் படைகள் குவைத்தில் நுழைந்தன. அங்கிருந்த இந்தியர்களுள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஜோர்டானின் அம்மான் வழியாக விமானங்களில் நாடு திரும்பினார்கள். நம் ஊர்களிலும், ஆண்டுக்கணக்கில் சேர்த்ததை அங்கேயே விட்டுவிட்டு, உடுத்திய உடையோடு வந்தவர்கள் உண்டு. அதே ஆண்டு அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் சில மணி நேர அவகாசமே கொடுக்கப்பட்டது. புத்தளத்தில் அடைக்கலம் புகுந்த அக்குடும்பங்களின் பிள்ளைகள் பலர் முகாம்களில் பிறந்தார்கள். 1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அந்த இரவு நம் வீடுகளில் வானொலியைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களின் முகங்களை, அப்போது சிறுவர்களாயிருந்த நாங்கள் மறக்கவில்லை.

பெருநாள் விருந்தில் துயரங்களைப் பட்டியலிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதற்கான நேரமும் வரும், இடமும் வரும். ஆனால் ஒரு பத்தாண்டைக் கொண்டாட முன்வருபவர், அதில் வாழ்ந்தவர் அதை எப்படிக் கடந்தார் என்பதை அறிந்திருக்க வேண்டும். அறிந்தால், தேன்மிட்டாயின் பக்கத்தில் குவைத்திலிருந்து வந்தவரின் ஒற்றைப் பையையும் வைப்போம். பிள்ளை இரண்டையும் பார்க்கும். இரண்டும் சேர்ந்ததே தொண்ணூறுகள்.

எப்படிச் செய்யலாம்?

குறை சொல்லிவிட்டு விலகுவது நேர்மையாகாது. இவ்வாண்டு எங்கள் குடும்பத்தில் நிகழ்ச்சி உண்டு. தலைப்பும் அதே தலைப்புத்தான். ஏற்பாடு மட்டும் மாறியிருக்கிறது. பயன்படும் என்று கருதுவோருக்காக இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, வாடகைப் பொருள் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வீடும் தன்னிடம் எஞ்சியிருக்கும் ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். கடவுச்சீட்டு, ஏர்மெயில் உறை, பாக்கு வெட்டி, திருமண அழைப்பிதழ், ஓதும் ரேஹால், எதுவாயினும் சரி. பத்தாண்டுக்கு ஒரு மேசை என ஐந்து மேசைகள். பொருளின் அருகே, அது யாருடையது, எந்த ஆண்டு வந்தது என்று பிள்ளைகளின் கையெழுத்தில் ஓர் அட்டை இருக்கும். பொருளே இல்லாத வீடு ஒரு செய்தியைக் கொண்டுவரலாம்.

இரண்டாவது, பிள்ளைகளுக்கு வேலை முன்பே தொடங்குகிறது. பெருநாளுக்கு இரண்டு வாரங்களுக்கு முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் ஒதுக்கப்படுகிறார். மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிவர வேண்டும்: என் வயதில் ஒரு நாளை எப்படிக் கழித்தீர்கள்? வீட்டைவிட்டு முதன்முதலில் தனியே எங்கே சென்றீர்கள்? இன்று யாரை மிகவும் தேடுகிறீர்கள்? பெரியவர் அனுமதித்தால் கைப்பேசியில் குரலையும் பதியலாம். மாறுவேடப் போட்டி இல்லை. விரும்பும் பிள்ளை தன் பெரியவரின் உடையை அவரிடமே கேட்டு வாங்கி அணிந்துவந்து, அவர் பெயரைச் சொல்லி, அவர் சொன்ன ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். சொல்லும்போது அந்தப் பெரியவர் பக்கத்தில் அமர்ந்திருப்பார். தவறினால் அவரே திருத்துவார்.

மூன்றாவது, விளையாட்டு. கோலி, பம்பரம், கிட்டிப்புள், நொண்டி, பல்லாங்குழி, ஏழாங்கல். இவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அறுபது வயதைக் கடந்தவர்கள். பல்லாங்குழியில் நன்னியைத் தோற்கடிக்கும் பிள்ளைக்குப் பரிசு என்று அறிவித்திருக்கிறோம். பரிசுத் தொகை எங்களிடமே தங்கிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை.

நான்காவது, உணவு. தேங்காய்ப்பால் சோறு, கறியாணம், வட்டலப்பம், பிள்ளைகளுக்குக் கமர்கட்டும் கோலி சோடாவும். நால்வருக்கு ஒரு சஹன். ஒவ்வொரு சஹனிலும் மூன்று தலைமுறைகள் அமர வேண்டும் என்பது மட்டும் விதி. கைப்பேசிகள் வாசலில் ஒரு கூடையில் இருக்கும்.

ஐந்தாவது, பெரியவர்களின் வசதி. சென்ற ஆண்டு ஒலிபெருக்கியின் நேர் எதிரே முதியவர்களை அமர்த்தினோம். இருவர் தலைவலியோடு வீடு திரும்பினார்கள். இவ்வாண்டு நிகழ்ச்சி அஸருக்குப் பிறகு தொடங்கி இஷாவோடு முடிகிறது. மஃரிபுத் தொழுகை நிகழ்ச்சியின் நடுவே ஜமாஅத்தாக நடைபெறும். முதியவர்களுக்குச் சாய்வு நாற்காலியும், அருகிலேயே கழிப்பறை வசதியும், பேசும்போது குறுக்கிடாமல் கேட்கும் கூட்டமும் இருக்கும்.

கடைசியாக, அலங்காரத்திற்குச் சென்ற ஆண்டு செலவழித்த தொகை. அதில் ஒரு பகுதி மாமியின் பதினோரு நாடாக்களைக் கணினியில் ஏற்றுவதற்குச் செல்கிறது. எஞ்சியது பெருநாள் உடைக்குச் செல்கிறது. நாம் யாருக்கென்று சொல்லத் தேவையில்லை. மாமாவிடம் அனுமதி கேட்டோம். எல்லா நாடாக்களையும் எல்லோர் முன்னும் போட வேண்டாம், பல் முளைத்ததைக் கேட்கும் அந்த ஒன்று மட்டும் போதும் என்றார்கள். அதற்கு மறுமொழியாக மகன் இப்போது ஏதேனும் பேசிப் பதிய விரும்புகிறானா என்றும் கேட்டார்கள். அவர் பதிந்துகொண்டிருக்கிறார்.

சகோதர சகோதரிகளே, நம் பெரியோரை மதிக்காதவரையும் நம் சிறியோரிடம் இரக்கம் காட்டாதவரையும் நபி (ஸல்) அவர்கள் நம்மைச் சேர்ந்தவர்களாகக் கருதவில்லை. பெரியோரையும் சிறியோரையும் ஒரே மண்டபத்தில் அமர்த்தும் எந்த நிகழ்ச்சிக்கும் இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் இல்லை. உங்கள் கைப்பேசியில் அழைப்பிதழ் வந்திருந்தால், உடைக்கு அளவு கொடுப்பதற்குமுன் உள்ளறைக்குச் செல்லுங்கள். அங்கே கட்டிலில் அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருப்பவர்களிடம் அந்தப் பத்தாண்டைப் பற்றிக் கேளுங்கள். அடுத்த பெருநாள்வரை அவர்கள் இருப்பார்கள் என்பதற்கு நம் எவரிடமும் உறுதி இல்லை. நாம் இருப்போம் என்பதற்கும் இல்லை.

நமக்கு முன் சென்றவர்களின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, அவர்களின் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக. உயிரோடு இருப்பவர்களின் சொல்லைக் கேட்கும் பொறுமையை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.